மறைந்தாரோ, மறைந்திருந்தாரோ?

பெரும்புகழ் படைத்த ஒருவர் இறந்தார் என்னுஞ் செய்தி வருமிடத்து, அதனை நம்ப மறுப்பார் சிலர் எக்காலத்தும் உளர். அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் மட்டுமன்றி, ஏட்டையும் எழுதுகோலையுமே துணையாகக் கொண்டு வாழ்ந்த புலவர்க்கும் இந்நிலை நேர்ந்திருக்கின்றது. அவர் இறக்கவில்லை, இறந்தாற்போலக் காட்டி மறைந்துவிட்டார், அதற்குரிய சான்று பழைய பத்திரங்களுள் எங்கோ கிடக்கின்றது, தேடினால் அகப்படும் என்பது அன்னோர் வாதம். இதனைக் குறித்து நம் கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் என்னொடு உரையாடினர். அவர்கட்குச் சொன்னவற்றையும், சொல்ல நேரம் போதாது விட்டவற்றையும் விழா மலரில் எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தமையின் இக்கட்டுரை எழலாயிற்று.

மாணவர் எடுத்துக்கொண்ட பொருள் செகசிற்பியார். ஆங்கில நாடகப் பெரும்புலவரை இப்பெயரால் அழைத்தவர் நம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1926ஆம் ஆண்டு வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் அப்புலவருடைய நாடகங்கள் பன்னிரண்டினை ஆராய்ந்து அடிகளார் தமிழர்க்குக் காட்டினார். ஆகவே இப்பகுதியிற் பயின்ற ஒருவர்க்குச் செகசிற்பியார் அந்நியர் அல்லர். அந்நாடகங்களை எழுதியவர் அவரே அல்லர், இறந்துபோனதாக நடித்த வேறொரு புலவர் என்று ஒரு மாணவர் எங்கோ படித்து வந்து கூறியபோது வகுப்பிற் பரபரப்பு உண்டானதில் வியப்பில்லை.

அந்த வேறொரு புலவர் கிறித்தோபர் மார்லோ. செகசிற்பியார் பிறந்த 1564ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். கன்டர்பரி நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகன். உதவிப்பணம் பெற்றுக் கேம்பிறிட்ஜிற் பயின்று, இருபத்தொன்பது வயதுக்குள் 'டொக்டர் பௌஸ்டஸ்' முதலிய நாடகங்களை இயற்றி, அக்காலத்து இலண்டன் அரங்கிற் செகசிற்பியார்க்கு முன்னரே பெருங்கீர்த்தி எய்தியவர். 1593ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி, சமய நிந்தனை சம்பந்தமான விசாரணைக்கென அரசியின் மந்திராலோசனைச் சபை அவரைக் கொண்டுவருமாறு ஆணை பிறப்பித்தது. 20ஆந் திகதி அவர் சபை முன் தோன்றினார். நாள்தோறும் சமுகமளிக்க வேண்டும் என்ற நிபந்தனையொடு வெளியில் விடப்பட்டார். பத்து நாள் கழிந்து, மே 30ஆந் திகதி, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெப்ட்போர்ட் என்னும் ஊரில் ஒரு வீட்டிற் கத்திக்குத்துப் பட்டு இறந்தார்.

இறந்தார் என்பது அன்றே பரவிவிட்டது. எவ்வாறு இறந்தார் என்பது மட்டும் முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெளிவுபடாமற் கிடந்தது. இலண்டன் வீதியிற் கடவுள் அவரைத் தண்டித்தார் என்று ஒருவர் எழுதினார். காதற் போட்டியில் ஒரு வேலைக்காரன் குத்தினான் என்று மற்றொருவர் எழுதினார். கோயிற் பதிவேட்டிலோ கொன்றவன் பெயரே பிழைபட எழுதப்பட்டிருந்தது. 1925ஆம் ஆண்டிலேதான் லெஸ்லி ஹொட்சன் என்னும் அறிஞர் இலண்டன் அரச சுவடிச் சாலையில் இம்மரண விசாரணையின் மூல அறிக்கையைக் கண்டெடுத்தார். அவர் கண்டெடுத்த விதம் மாணவர் அறியத்தக்கது. வேறொரு பொருள் பற்றிச் சுவடிகளின் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'இங்கிறம் பிறீசர்' என்ற பெயர் கண்ணிற் பட்டது. பிழைபட்ட கோயிற் பதிவின் உண்மைப் பெயர் இதுவாகலாமோ என்று ஐயுற்றார். அந்த ஓர் ஐயத்தைக் கைவிளக்காகக் கொண்டு ஒவ்வொரு தொகுதியாகத் துருவினார். முதலிற் பிறீசருக்கு அரசி வழங்கிய மன்னிப்புப் பத்திரமும், பின்னர் இலத்தீனில் எழுதப்பட்ட விசாரணை அறிக்கையும் அகப்பட்டன.

அவ்வறிக்கை மிகவும் நுணுக்கமானது. எலினர் புல் என்னும் பெண்மணியின் வீட்டில் நால்வர் பகற்பொழுதைக் கழித்தனர். இராப்போசனத்தின் பின் செலவுக் கணக்குப் பற்றிப் பிணக்குண்டாயிற்று. மார்லோ பிறீசருடைய கட்டாரியை இழுத்து அவரைத் தாக்கினார். கைகலப்பில் அதே கட்டாரி மார்லோவின் வலக்கண்ணுக்கு மேலே இரண்டங்குல ஆழமும் ஓரங்குல அகலமுமாகப் பாய்ந்தது. உடனே உயிர் போயிற்று. கட்டாரியின் விலை பன்னிரண்டு பெனி என்பது கூட எழுதப்பட்டிருக்கின்றது. யூரிமார் பதினாறு பேர் சடலத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறினர். விசாரணை நடந்த யூன் மாதம் முதலாந் திகதியே சடலம் டெப்ட்போர்ட்டிற் புனித நிக்கலஸ் கோயில் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.

இத்துணைத் தெளிவான பத்திரம் கிடைத்த பின்னர் ஐயம் ஒழிந்திருக்க வேண்டுமன்றோ? மாறாக அது வளர்ந்தது! ஐயுற்றவரை நான் மூடர் என்று தள்ளமாட்டேன். அவர்கள் எடுத்துக்காட்டுபவற்றுட் சில மெய்யாகவே விசித்திரமானவை. அந்த வீட்டில் உடனிருந்த மூவரும் சாதாரண ஆட்கள் அல்லர். ஒருவர் றொபேட் போலி. அரசின் ஒற்றர் வேலை பார்த்தவர். (நம் மொழியில் அப்பெயர் தரும் பொருளைக் கண்டு மாணவர் நகைத்தனர், நகைக்கட்டும்.) மே 8ஆந் திகதி தொடக்கம் யூன் 8ஆந் திகதி வரை போலி அரசியின் பணியில் இருந்தார் என்று கொடுப்பனவுப் பத்திரம் ஒன்று சொல்கின்றது, அஃதாவது மார்லோ குத்துப்பட்ட அன்றைக்கும் அவர் அரச கடமையில் இருந்தவராகின்றார். விசாரணையை நடத்திய வில்லியம் டன்பி அரசியின் மாளிகைக்குரிய மரண விசாரணை அதிகாரி. அவருடன் அமரவேண்டிய மாவட்ட அதிகாரியின் பெயர் அறிக்கையில் இல்லை. முதல் நாள் மாலை, அவ்வூருக்கு இரண்டு மூன்று மைல் தொலைவில், யோன் பென்றி என்னும் சமயக் கிளர்ச்சியாளர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடலையே மார்லோவின் உடலென்று யூரிமார்க்குக் காட்டியிருக்கலாம் என்கின்றனர். பிறீசரோ ஒரு மாதத்துள் மன்னிப்புப் பெற்றுப் பழைய எசமானிடமே திரும்பிச் சென்றார். அந்த யூன் மாதத்திலேதான் செகசிற்பியாரின் பெயர் தாங்கிய முதற் காவியம் விற்பனைக்கு வந்தது.

இவற்றையெல்லாம் ஒரு கயிற்றிற் கோத்துக் கல்வின் ஹொவ்மன் என்னும் அமெரிக்கர் 1955ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். மார்லோ தண்டனைக்கு அஞ்சி மரணத்தை நடித்துக் கடல் கடந்தார் என்பதும், ஆங்கிருந்து நாடகங்களை எழுதியனுப்பினார் என்பதும், அவை செகசிற்பியார் பெயரில் அரங்கேறின என்பதும் அவர் கொள்கை. மார்லோவை ஆதரித்த பிரபுவாகிய வால்சிங்கத்தின் கல்லறையுள்ளே கையெழுத்துப் பிரதிகள் புதைந்திருக்கும் என்று நம்பி, உத்தரவு பெற்று, 1956ஆம் ஆண்டு அதனைத் திறக்கச் செய்தார். உள்ளே இருந்தது மணல். ஹொவ்மன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. இறக்குமுன் தம் பொருளைக் கொண்டு, இவ்விடயத்தை ஆராய்வோர்க்கு ஒரு பரிசு நிதியும் நிறுவினார். 2002ஆம் ஆண்டு இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்துப் புலவர் மூலையில் மார்லோவின் பெயர் பொறித்த கண்ணாடிச் சாளரம் அமைக்கப்பட்டபோது, அவர் இறந்த ஆண்டின் முன்னே ஒரு கேள்விக்குறியும் இடப்பட்டது. இத்தனை அறிஞர் கூடியிருந்தும் அக்கேள்விக்குறியை எவ்வாறு அனுமதித்தனர் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஏனெனில், மேற்கூறிய விசித்திரங்களையெல்லாம் உண்மையென்று ஒப்புக்கொண்டாலும் அவற்றால் நிறுவப்படுவது யாது? விசாரணை ஒழுங்காக நடைபெறவில்லை என்பதாகலாம். மூவரும் பொய் கூறினர் என்பதாகலாம். பிணக்கு வெறும் சாப்பாட்டுச் செலவு பற்றியதன்று, அரசியற் கொலை என்பதாகவும் இருக்கலாம். ஹொட்சனுக்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர் பலர் இவ்வாறு கருதினர், அக்கருத்துக்கு இடமுண்டு. ஆயின் 'எவ்வாறு இறந்தார் என்பதிற் பொய் உளது' என்ற படியிலிருந்து 'அவர் இறக்கவேயில்லை' என்ற படிக்குத் தாவுதற்கு வேறொரு வகைச் சான்று வேண்டும். மே 30க்குப் பின்னர் மார்லோ உயிரொடு இருந்தார் என்று காட்டும் ஒரு கடிதம், ஒரு பற்றுச்சீட்டு, ஒரு கையொப்பம், ஓர் ஊரார் வாக்கு. நானூறு ஆண்டுக்கு மேலாகத் தேடியும் அத்தகைய ஒன்றையேனும் எவரும் காட்டினாரல்லர். கிடைத்த பத்திரம் பொய்ப்பத்திரம், கிடைக்காத பத்திரமே மெய்ப்பத்திரம் என்று கொள்வோமாயின் சுவடிச் சாலைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. வீட்டில் இருந்தவாறே எழுதிவிடலாம்.

இவ்வாதத்தின் அடியில் ஓர் இழிவெண்ணமும் கிடக்கின்றது. நாட்டுப்புறத்துக் கையுறைத் தொழிலாளியின் மகனும் பல்கலைக்கழகம் மிதியாதவனுமாகிய ஒருவன் இத்தகைய நாடகங்களை இயற்றியிருக்க முடியாது என்பதே அது. அவர்க்குப் பதிலாக நிறுத்தப்படும் மார்லோவே ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகன் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். வயலிலும் கடலிலும் தறியிலும் உழைப்போரின் பிள்ளைகள் பயிலும் கல்லூரி நம்முடையது. எழுதியவர் எவராயினும் என்ன, நூல் நன்றாயிருந்தாற் போதும் என்று ஒரு மாணவர் சமாதானஞ் சொல்ல முற்பட்டார். அதனை நான் ஏற்கவில்லை. உழைத்தவன் பெயரை அவன் பிறப்புக் கருதிப் பறித்து மற்றொருவனுக்குக் கொடுப்பது அநீதி. அவன் இறந்து நானூறாண்டு சென்றமையால் அநீதி குறைந்துவிடாது.

மார்லோவுக்குப் பத்திரம் உளது, நம்பாதாரும் உளர். இனித் தமிழ்நாட்டைப் பார்ப்போம். அங்கே புலவர் ஒருவர் சடலமும் இல்லாமல், மரண விசாரணைப் பத்திரமும் இல்லாமல், நம் நினைவுக்கு எட்டிய காலத்திலேயே கண்ணுக்கு மறைந்தார். அவரே திருவருட்பா அருளிய இராமலிங்க வள்ளலார். அவரை மார்லோவுடன் சேர்த்துப் பேசுவது தகுமோ என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கலாம். சேர்த்துப் பேசுவது ஆட்களையல்ல, சான்றுகளையே.

வள்ளலார் 1823ஆம் ஆண்டு சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் பிறந்தவர். 1867இல் வடலூரிற் சத்திய தருமசாலையையும், 1872இற் சத்திய ஞானசபையையும் நிறுவியவர். பின்னர் அயலிலுள்ள மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் எனப் பெயரிட்ட மாளிகையில் உறைந்தார். 1874ஆம் ஆண்டு சனவரி மாதம் 30ஆந் திகதி, தைப்பூசத்தை ஒட்டிய வெள்ளிக்கிழமை இரவு, அங்குள்ள அறையினுட் புகுந்தார், கதவு பூட்டப்பட்டது. அதன்பின் அவரைக் கண்டவர் இலர். அப்போது அவர்க்கு வயது ஐம்பது.

அந்த அறை பின்னர் திறக்கப்பட்டதா, எப்பொழுது திறக்கப்பட்டது என்ற சிறிய வினாவுக்குக் கூட ஒருமித்த விடை கிடைத்திலது. வள்ளலாரின் முதன்மை மாணாக்கரும், சென்னை மாநிலக் கல்லூரியிற் தமிழ்ப் பண்டிதராய் இருந்தவரும், திருவருட்பாவுக்கு அப்பெயரையே சூட்டிப் பதிப்பித்தவருமாகிய தொழுவூர் வேலாயுத முதலியார், 1882ஆம் ஆண்டு பிரமஞான சபையார்க்கு அளித்த வாக்குமூலத்தில், ஓராண்டு கழிந்து அறை திறக்கப்பட்டது என்றும், உள்ளே ஒன்றும் இல்லை என்றும் கூறினார். அன்பரிடை வழங்கும் வரலாறு, சில மாதங்களுக்குள்ளேயே அரசாங்க அதிகாரிகள் வந்து திறந்து பார்த்து வெறும் அறையைக் கண்டனர் என்கின்றது. 1906ஆம் ஆண்டு வெளியான தென்னார்க்காட்டு மாவட்ட விவரத் தொகுதியை எழுதிய பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரியோ, அறை இன்னும் பூட்டியபடியே இருக்கின்றது என்று எழுதிவைத்தார். மாணாக்கர் சொல் ஒன்று. ஊர் வழக்கு ஒன்று. அரசாங்கப் புத்தகம் மற்றொன்று. மூன்றும் ஒருங்கே உண்மையாதல் இயலாது.

அறை வெறுமையாக இருந்தது என்றே கொள்வோம். அப்பொழுதும் அன்பர்க்கு அது அருட்பெருஞ்சோதியிற் கலந்தமைக்கு அடையாளம். ஐயுறுவார்க்கு, அவர் வேறிடஞ் சென்று மறைந்து வாழ்ந்தார் என எண்ணுதற்கு வழி. அவர் கொல்லப்பட்டார் என்று இக்காலத்துச் சொல்வாரும் உளர். திறந்து பார்ப்பினும் வெற்றிடமாகவே தோன்றும் என்று வள்ளலார் முன்னரே அறிவித்திருந்தார் என்பது அன்பர் பதிந்து வைத்த செய்தி. அதுவும் இரு பக்கத்தார்க்கும் இரு வேறாகப் பொருள்படுகின்றது. அன்பர் கொள்கை சுவடிச் சாலைக்கு உட்பட்டதன்று; சமய அனுபூதியை அட்டவணையிற் தேடுவார் இலர். ஆயின் மறைந்து வாழ்ந்தார் என்பதும் கொல்லப்பட்டார் என்பதும் வரலாற்றுக் கூற்றுகள். அவற்றைக் கூறுபவர் ஓர் ஊரை, ஓர் ஆளை, ஒரு திகதியைக் காட்டக் கடமைப்பட்டவர். வெறும் அறை ஒன்றையே மூன்று தரப்பாரும் சான்றாகப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் சான்று என்று சொல்லேன்.

இவ்விடயத்தில் ஈழத்தவர்க்குத் தனிப் பொறுப்பு உண்டு. அருட்பாவை மறுத்தெழுந்த போரின் முன்னணியில் நின்றவர் நம் ஆறுமுக நாவலர். 1869ஆம் ஆண்டு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நடந்த வழக்குப் பற்றி இரு தரப்பாரும் இரு விதமாக எழுதி, தத்தம் தலைவரே வென்றாரென்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். பின்னர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை அப்போரை மீளத் தொடங்கியபோது, அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர் கோட்டாற்றைச் சேர்ந்த முஸ்லிம் புலவராகிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சைவர் இருவர் பிணக்கில் ஓர் இசுலாமியப் புலவர் வந்து தமிழுக்காகப் பரிந்து பேசியது கல்முனையாராகிய நாம் அடிக்கடி நினைத்தற்குரியது. இப்போரிற் தோன்றிய கண்டன நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் ப. சரவணன் என்னும் ஆய்வாளர் அண்மைக் காலத்திற் தேடித் திரட்டி ஒரு பெருந்தொகுதியாகப் பதிப்பித்திருக்கின்றார். எவர் வென்றார் என்று முழங்குவதினும், எவர் எந்த ஆண்டில் எதனை அச்சிட்டார் என்று காட்டும் இத்தகைய வேலையே எனக்கு உவப்பானது. வள்ளலாரின் மறைவு பற்றியும், 1874 தொடக்கம் 1906 வரை எழுதப்பட்டவற்றை அவ்வாறே ஓரிடத்திற் திகதி வரிசையில் வைத்துப் பார்ப்பின், கதை எந்த ஆண்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதையேனும் அறியலாம்.

சுபாஸ் சந்திர போஸின் கதையை எல்லோரும் அறிவர். ஆதலின் விரிக்கவில்லை. 1945ஆம் ஆண்டு ஆகத்து 18ஆந் திகதி தைப்பே நகரில் விமான விபத்தில் அவர் இறந்தார் என்ற செய்தியை ஆராய 1956இலும், 1970இலும், 1999இலுமாக இந்திய அரசாங்கம் மும்முறை விசாரணைக் குழு நியமித்தது. முதலிரு குழுவும் இறந்தார் என்றன. மூன்றாவது, அவ்விபத்தில் இறக்கவில்லை என்றது. அதனை அரசாங்கம் ஏற்கவில்லை. 2015, 2016 ஆண்டுகளிற் பூட்டிவைத்த கோவைகள் நூற்றுக்கணக்கில் வெளியிடப்பட்டன. கோவைகளைத் திறந்தது நன்று. அவற்றைப் பூட்டியே வைத்திருந்தமைதான் இத்தனை ஐயங்கட்கும் நீர் பாய்ச்சியது. ஆயினும் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலாயினோர் நம்பியவாறு, நேதாசி உயிரொடு திரும்பி வருவார் என்பதற்குரிய சான்று அக்கோவைகளுள்ளும் இருந்திலது.

இவையெல்லாம் தூரதேசத்துப் பெரியோர் கதைகள் என்று மாணவர் நினைத்தல் கூடும். அங்ஙனமன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி காலை ஆழிப்பேரலை இக்கரையை வாரிச் சென்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராகச் சொல்லவேண்டா. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். அவருட் பலரின் உடல் கரை ஒதுங்கவேயில்லை. ஒதுங்கிய பலவற்றை இனங்காண நேரமின்றி ஒரே குழியில் அடக்கஞ் செய்தனர். அக்காலத்து எத்தனை வீடுகளில் "எங்கோ ஓர் ஆசுபத்திரியிற் பேச்சின்றிக் கிடக்கின்றாராம்", "மலைநாட்டில் ஒருவர் கண்டாராம்" என்ற சொற்கள் வந்து போயின! சொன்னவர் நல்ல மனத்தோடேயே சொன்னார். கேட்டவளோ பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று அறியாது மாதக்கணக்கிற் திகைத்தாள். அயல் வீட்டு முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா எந்நாளிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி. மௌலவியார் விடை சொன்னாலும் மனம் விடை சொல்லவில்லை. ஒரு புலவர் இறக்கவில்லை என்று புத்தகம் எழுதுவது நமக்குப் பொழுதுபோக்காகலாம். ஒருத்தியின் கணவன் இறக்கவில்லை என்று சான்றின்றிச் சொல்வது அவள் வாழ்நாளை அள்ளிக்கொள்வதாகும்.

இவ்விடயத்தில் நம் நாட்டுச் சட்டம் அறிஞர் சிலரினும் தெளிவாய் நடந்துகொண்டது என்பேன். ஏழாண்டு செய்தியில்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் முதலில் வகுத்திருந்தது. ஆழிப்பேரலையின் பின்னர் நெடிது காத்திருத்தல் இயலாமையின், சடலம் கிடைக்காதவிடத்தும் இறப்பைப் பதிவு செய்ய 2005இற் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. யாரும் போய்ச் சொன்னவுடன் பதிவதன்று. அவர் அன்று அங்கிருந்தார், அதன்பின் காணப்படவில்லை என்பதற்கு வாக்குமூலமும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் வேண்டும். போர்க்காலத்திற் காணாமற்போனோர்க்காக 2010இல் இது போன்ற மற்றொரு சட்டம் வந்தது. ஆயின் இறந்தார் என்று எழுதிக் கையொப்பமிடப் பெற்ற தாயின் மனம் ஒருப்படவில்லை. கையொப்பமிட்டால் தானே மகனைக் கொன்றதாகும் என்று அழுத தாய்மார் இக்கரையில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அதனை உணர்ந்து 2016இற் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் கூறி, இறந்தார் என்றோ இருக்கின்றார் என்றோ சொல்லாத ஒரு சான்றிதழுக்கும் இடம் செய்தனர். இறப்பு, இருப்பு என்னும் இரண்டுக்கும் நடுவே 'அறியோம்' என்பதற்கும் ஒரு தாளும் முத்திரையும் உண்டாயிற்று. மார்லோவைப் பற்றி எழுதுவோரும், வள்ளலாரைப் பற்றி எழுதுவோரும் அந்தத் தாளை ஒருமுறை பார்த்தல் நலம். மார்லோவுக்கு அது வேண்டியதில்லை; பதினாறு பேர் பார்த்த சடலம் அவர்க்கு உண்டு. மேட்டுக்குப்பத்து அறையைப் பற்றி வரலாற்று மாணவன் எழுதத்தக்கது அந்த நடுச்சொல் ஒன்றே.

சுவடி தேடும் ஆர்வம் மாணவர்க்கு வந்ததை நான் குறை கூறவில்லை, மகிழ்கின்றேன். ஆயின் டெப்ட்போர்ட்டுக்குப் போகுமுன் நம் ஊர்ப் பத்திரங்களைப் பார்க்க வேண்டாவா? 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிற் கூரை பறந்து நனைந்து அழிந்த ஏடுகள் எத்தனை! யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் நம் பகுதியைக் குறித்தவையும் இருந்திருக்கும். எஞ்சியவற்றை 2004இற் கடல் கொண்டது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு, பள்ளிவாசல் இடாப்பு, கோயிற் கணக்கு எல்லாம் ஒரே நாளிற் போயின. இன்னும் ஐம்பதாண்டு சென்று, இக்கரையிற் பிறந்த புலவர் ஒருவர் எப்பொழுது எங்கே மறைந்தார் என்று ஒருவர் தேடப் புகுவாராயின் அவர் கையில் அகப்படுவது யாது? பத்திரமில்லாத இடத்திற்தான் கட்டுக்கதை செழித்து வளரும்.

ஆதலின் விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதும் வாயிற்றூண் கட்டுவதும் ஆகட்டும். அவற்றுக்குப் பணம் தருவார் உளர். அத்துடன், கல்லூரியின் பழைய சம்பவத் திரட்டுகளையும், சேர்வு இடாப்புகளையும், முன்னர் வெளிவந்த மலர்களையும் படம் பிடித்து மூன்று பிரதிகளாக்கி, ஒன்றைக் கல்லூரியிலும், ஒன்றைக் கடலுக்குத் தொலைவான மேட்டு நிலத்து ஊரொன்றிலும், ஒன்றைக் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் வைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் பத்துப்பேர் ஒரு விடுமுறைக்குள் இவ்வேலையை முடித்துவிடுவர். பழைய மாணவர் பலரது வீட்டு அலுமாரிகளிலும் ஆண்டு மலர்கள், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்கள், தேர்ச்சி அறிக்கைகள், குழுப் படங்கள் கிடக்கின்றன. படத்தின் பின்புறத்தில் நிற்பவர் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி அனுப்பினாற் போதும்; திருப்பித் தரப்படும். எந்த ஆண்டு மலர்கள் நம் நூலகத்தில் இல்லை என்பதை நூலகரைக் கேட்டால் அறியலாம்.